பட்டனை அழுத்தாதவள்

அந்தத் தெருவில் ஒருத்தருக்குக் கால் உடைந்தால் ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் புருஷன் தொடை எலும்பு முறிந்து படுத்த கதையை மட்டும் நாற்பது நாளாகியும் யாரும் விடவில்லை. அந்தக் கதையில் ஒரு பட்டன் இருந்ததுதான் காரணம். கவிழ்ந்த அந்த நாலு சக்கர வண்டியின் கைப்பிடியில், இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு சிவப்புப் பட்டன். அதை அழுத்தினால் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் இன்ஜினின் இழுவை நாலு சக்கரத்துக்கும் போகும், அழுத்தாவிட்டால் பின்சக்கரம் ரெண்டு மட்டும்தான் இழுக்கும். இதைச் சொன்னவர் அவளுடைய மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன். பேர் போன மெக்கானிக். கல்யாணம் வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்பையே கட்டிக்கொண்டவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆக, அவள் பட்டனை அழுத்தாததால் புருஷன் கால் போனது என்பது வீட்டின் தீர்ப்பு. "அழுத்தினேன்" என்பது அவள் கட்சி. சாட்சி கிடையாது. பின்னால் டீசல் கேன்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புருஷனுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

மாமியார் இந்த வழக்கைத் தினம் நடத்தினாள். யார் பழத்தோடு பார்க்க வந்தாலும் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"ஒரு பட்டன்மா. ஒரே ஒரு பட்டன். கொசு அடிக்கிற நேரம்கூட ஆகாது. பெரியவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான், மேடு வந்தா அழுத்தும்மான்னு. மகாராணிக்கு விரல் வலிச்சுது போல."

"அழுத்தினேன்னு சொல்றாளே."

"சொல்லுவா. உடைஞ்சது அவ காலா?"

அவள் காதில் விழவேண்டும் என்றே சொல்லப்படும் பேச்சு. சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவே கதவு இல்லை, ஒரு திரைதான். அவள் உள்ளே பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். "பாரு, கோபத்தைப் பாத்திரத்துல காட்டறா" என்று அதற்கும் ஒரு வரி சேரும். வந்தவர்கள் போகும்போது திரைப்பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

உண்மை என்னவென்றால், அவள் அழுத்தவில்லை. சுத்தமாக மறந்துபோனாள். அன்றைக்கு நல்ல மழை, கண்ணாடியில்லாத வண்டி, கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நாலாவது திருப்பத்தில் பின்சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. "விடாதே, முறுக்கு, முறுக்கு" என்று பின்னாலிருந்து அவன் கத்தினான். வண்டி நின்ற இடத்திலேயே உறுமி, பின்வாக்கில் சறுக்கி, பக்கவாட்டில் புரண்டது. அவள் புதரில் போய் விழுந்தாள். அவன் தொடைமேல் வண்டி கிடந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்தார் வந்து முதலில் கேட்டது, "பட்டனை அழுத்தினியா?" அவள் வாயில் வந்தது, "அழுத்தினேன் மாமா." வந்த சொல்லைத் திரும்ப விழுங்கவா முடியும்? அதற்கப்புறம் அவன் கட்டிலில் புரண்டு படுக்கும்போது ஒரு முனகல் முனகுவான் பாருங்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் நான்தான் உடைத்தேன், உடைத்ததுமில்லாமல் பொய்யும் சொல்கிறேன் என்று உள்ளுக்குள் குமைந்துபோவாள்.

அவர்கள் பிழைப்பு அந்த மலைமேல் இருந்தது. உச்சியில் ஒரு செல்போன் டவர், அதன் காலடியில் தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு ஜெனரேட்டர். கரண்டு போகிற நேரமெல்லாம் அது ஓடவேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் டீசல் குடிக்கும். டீசல் ஏற்றுவது, ஃபில்டர் மாற்றுவது, ஆயில் பார்ப்பது எல்லாம் புருஷன் எடுத்த கான்ட்ராக்ட். முன்பெல்லாம் ரெண்டு பேரும் நடந்தே சுமந்தார்கள். அப்போதுதான் மூத்தார் அந்த வண்டியைக் கொண்டுவந்தார், ஏடிவி என்பார்கள், பைக் மாதிரி கைப்பிடி பிடித்து ஓட்டுவது. கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி மணலில் ஓட்டிக்கொண்டிருந்தவன் கடையை மூடியபோது எடுத்தது. பந்தயத்துக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் வண்டி. தாழ்வாக, அகலமாக, தவளை உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூட்டை வைக்க இடமே கிடையாது. மூத்தார்தான் பின்னால் ஒரு இரும்புத் தட்டை வெல்டிங் வைத்துக் கொடுத்தார். "ஃபோர் வீல் டிரைவ்டா, செங்குத்தா சுவர்ல ஏறும்" என்று தம்பி தோளைத் தட்டினார். தம்பி முகத்தில் அன்றைக்குப் பார்க்கவேண்டுமே பெருமையை.

விபத்துக்குப் பிறகு கேன் அவள் தோளுக்கு வந்தது. ஒரு கேன் இருபது லிட்டர். தோளில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் கேனை வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஏறுவாள். ஏற முக்கால் மணி, இறங்க அரைமணி. காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. மூடி எவ்வளவு இறுக்கினாலும் டீசல் கசியும். கழுத்தில் வட்டமாகத் தோல் வெந்து கறுத்துப் போனது. சோப்புப் போட்டுக் குளித்தாலும் ரொட்டியைக் கையில் எடுத்தால் டீசல் நாற்றம்தான். நாற்பது நாளில் வீட்டில் ஒருத்தரும் "வலிக்குதா" என்று கேட்கவில்லை. தண்டனையை அனுபவிக்கிறாள், அனுபவிக்கட்டும் என்று இருந்தார்கள். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் கொடுமை.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணி இருக்கும். வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. வீட்டு வாசலும் ஒர்க்‌ஷாப் முற்றமும் ஒன்றுதான், நடுவே வேலி கிடையாது. மூத்தார் ஏடிவியை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். புதுசாகச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது.

"வண்டி ரெடி. இன்னிலேர்ந்து இதுலயே போ."

"நடந்தே போறேன் மாமா."

"எதுக்கு? வீட்டுப் பொம்பளைய சுமக்க விட்டுட்டு ஒர்க்‌ஷாப்ல உக்காந்திருக்கான்னு ஊரு என்னைக் காறித் துப்பவா?"

"மழையா இருக்கு. பயமா இருக்கு மாமா."

"என்ன பயம்? முன்சக்கரத்தைத் தாங்கற இரும்புக் கை ரெண்டும் புதுசு. பேரிங் புதுசு. பிரேக் புதுசு. எல்லாம் நானே என் கையால கழட்டி மாட்டினது. நீ ஒண்ணே ஒண்ணு பண்ணணும். பட்டனை அழுத்தணும்."

வாசலை ஒட்டிய ஜன்னலோரம் புருஷனின் கட்டில். தலையணையை முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி மண்டிக்கிடந்தது.

"போ. ரெண்டு மணிக்குள்ள ஜெனரேட்டர் டேங்க் காலி. சூப்பர்வைசர் நேத்தே கத்தினான், இன்னொரு தடவை நின்னா கான்ட்ராக்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு. இந்தத் தடவையாவது அழுத்தித் தொலை."

"அழுத்தினேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அழுத்தினா வண்டி ஏன் சறுக்குது? அண்ணன் பொய் சொல்றாரா, வண்டி பொய் சொல்லுதா?"

மாமியார் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "நல்லாக் கேளு" என்றாள்.

அவள் ஒரு கேனைத் தூக்கி இரும்புத் தட்டில் வைத்துக் கயிறு போட்டு இறுக்கினாள். தூறலில் நனைந்த மூடி சரியாக ஏறவில்லை. கையிலிருந்து நழுவி, உருண்டு, வண்டியின் முன்பக்கம் போய் அடியில் புகுந்தது.

"ஒரு மூடியப் பிடிக்கத் துப்பில்ல" என்றாள் மாமியார்.

அவள் ஈரத்தரையில் குப்புறப் படுத்து, முன்சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டுத் துழாவினாள். மூடி அகப்பட்டது. கையை வெளியே எடுக்கப் போனவள் அப்படியே கிடந்தாள். தோள்வரை உள்ளே போன கை எதிலும் இடிக்கவில்லை. சக்கரத்துக்கு உள்பக்கம் ஒரு வட்டத் தட்டு, பிரேக்குக்கு வருகிற ஒரு ரப்பர் குழாய், மேலே ஸ்பிரிங், தாங்குகிற இரும்புக் கை. அவ்வளவுதான். நடுவில் வெறும் காற்று. அவள் தவழ்ந்து அடுத்த முன்சக்கரத்துக்குப் போனாள். அங்கேயும் அதேதான். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இன்ஜினிலிருந்து சங்கிலி வந்து, ஒரு தடித்த இரும்புத் தண்டைப் பற்றியிருந்தது. அந்தத் தண்டு ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துக் கோத்திருந்தது.

அவள் மெக்கானிக் இல்லை. ஆனால் நாலு வருஷமாக ஒரு ஜெனரேட்டரோடு குடித்தனம் பண்ணுகிறவள். ஒன்று சுற்ற வேண்டுமென்றால் சுற்றிவிடுகிற ஒன்று அதைப் பிடித்திருக்க வேண்டும். பெல்ட்டோ, சங்கிலியோ, தண்டோ, ஏதோ ஒன்று. அது அறுந்தால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், மற்றது சும்மா கிடக்கும்.

சேறும் தண்ணீருமாக எழுந்து நின்றாள்.

"மாமா, முன்சக்கரத்துக்கு இழுவை எது வழியா வருது?"

"என்னது?"

"பின்னாடி சங்கிலி இருக்கு. முன்னாடி ஒண்ணுமே இல்லையே. கையை விட்டா அந்தப் பக்கம் போகுது."

மூத்தார் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவள் கவனித்தாள்.

"ஆமா, மூடி எடுக்கப் போய் இன்ஜினியர் ஆயிட்டா. அதெல்லாம் உள்ளுக்குள்ள இருக்கும்மா. இது புது டைப். சாதாரணமா முன்சக்கரம் சும்மாதான் உருளும். பின்னாடி வழுக்க ஆரம்பிச்சாதான் முன்னாடி பிடிக்கும். பாத்தால்லாம் தெரியாது."

"சரி, பிடிக்கட்டும். எது வழியா பிடிக்கும்?"

"உனக்கு இப்ப பாடம் எடுக்கணுமா நான்? டீசல் ஏத்தற வழியப் பாரு."

"ஓட்டிக் காட்டுங்க. நாலு சக்கரத்தையும் தூக்கி வெச்சு, பட்டனை அழுத்தி ஓட்டுங்க. பின்சக்கரம் காத்துல சுத்துறதைவிடப் பெரிய வழுக்கல் கிடையாதுல்ல? முன்னாடி பிடிக்குதான்னு பாப்போம். பிடிச்சா இப்பவே ஏறி உக்காந்து போறேன். அந்தப் பட்டனுக்குத் தினம் பூவும் வெக்கறேன்."

"திமிரைப் பாத்தியா" என்றாள் மாமியார். "மூத்தவர்னு ஒரு மட்டு மரியாதை உண்டா?"

"உன் பொண்டாட்டிக்கு என்னைச் சோதிக்கணுமாம்டா" என்று மூத்தார் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "இருபத்தாறு வருஷமா வண்டி பாக்கறேன். இவ என்னைச் சோதிக்கறா."

ஜன்னலுக்குள்ளிருந்து புருஷன் முன்சக்கரத்தை எட்டிப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "தூக்கி வைண்ணே. அவ வாயை அடைச்ச மாதிரியும் இருக்கும்."

மூத்தார் ஜாக்கியை எடுத்துவரப் போனவர் வர வெகுநேரம் ஆனது. ஒர்க்‌ஷாப்புக்குள் எதையோ தள்ளுகிற சத்தம் கேட்டது, கீழே போடுகிற சத்தம் கேட்டது. "ஜாக்கியில ஆயில் லீக்கு" என்றார் வெளியே வந்து. அவள் உள்ளே போய் ஜாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். லீக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டியின் வயிற்றுக்கு அடியில் கொடுத்து அடித்தாள். முன்பக்கம் ஏறியதும் மரக்கட்டை கொடுத்தாள், அப்புறம் பின்பக்கம். நாலு சக்கரமும் தரையை விட்டு ஒரு சாண் மேலே நின்றன. மூத்தார் தொடவேயில்லை. தூறலில் நனைந்துகொண்டு நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா. பட்டனை நீங்களே அழுத்துங்க. அப்புறம் நான் அழுத்தலைன்னு வரக்கூடாது."

அவர் அழுத்தினார். பச்சை விளக்கு அழகாக எரிந்தது. இன்ஜின் உறுமியது. கியர் போட்டதும் பின்சக்கரம் ரெண்டும் சுழன்று, சேற்றை வாரி ஒர்க்‌ஷாப் சுவரில் அடித்தது. சங்கிலி தடதடவென்று ஓடியது.

முன்சக்கரத்தில் ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருந்தது. தூறலில் எங்கிருந்தோ வந்து ஒட்டிய இலை. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க" என்றாள்.

முறுக்கினார். வண்டி கட்டைமேல் அதிர்ந்தது. இலை அப்படியேதான் இருந்தது. அவள் குனிந்து, ஒற்றை விரலால் அந்தச் சக்கரத்தைத் தள்ளிவிட்டாள். தையல் மெஷின் சக்கரம் மாதிரி அது லேசாக உருண்டு, நின்றது.

மூத்தார் இன்ஜினை அணைத்தார். சுவரில் அடித்த சேறு வழிகிற சத்தம்கூடக் கேட்டது.

"கடற்கரைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். "ஃபோர் வீல்னு சொல்லித்தான் தலையில கட்டினான். விளக்கு எரிஞ்சுது, நம்பினேன். எனக்கு என்ன தெரியும்?"

"வாங்கும்போது தெரியாது. சரி, நம்பறேன்" என்றாள் அவள். "போன மாசம் இதே முன்சக்கரத்தைக் கழட்டினது யாரு? இரும்புக் கையை மாத்தினது யாரு? பேரிங்கை உள்ள போட்டது யாரு? இப்பத்தான சொன்னீங்க, எல்லாம் என் கையாலன்னு. என் கையே இடிக்காம உள்ள போச்சு. உங்க கை எங்கயுமே இடிக்கலைன்னு உங்களுக்குத் தெரியலையா மாமா?"

மூத்தார் ஜாக்கியைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எத்தனை நாளா தெரியும்?" இது ஜன்னலிலிருந்து வந்தது. புருஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ உடம்பை அலட்டிக்காதே."

"எத்தனை நாளாண்ணே?"

மாமியார்தான் நடுவில் புகுந்தாள். பெரிய பிள்ளையை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது. "என்னத்தையோ காட்டிட்டா போ. வண்டி எப்படி இருந்தா என்ன? இவ அன்னிக்கு அழுத்தினாளா, இல்லையா? அதைச் சொல்லச் சொல்லு."

புருஷன் அவளைப் பார்த்தான். நாற்பது நாளில் முதல்முறையாகக் கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். "அழுத்தினியா?"

அவளுக்கு இப்போது பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. "அழுத்தினேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கலாம், எல்லாம் அவள் பக்கம் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை இனி ஒரு நாளும் சுமக்க அவளுக்கு உடம்பில் தெம்பில்லை.

"அழுத்தல" என்றாள். "மறந்துட்டேன். பயத்துல பொய் சொன்னேன். நீங்க வலியில முனகும்போதெல்லாம் நான்தான் இதைப் பண்ணினேன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேன். கேன் சுமக்கறது எனக்கு வேணும்னு சுமந்தேன். தப்புதான். ஒத்துக்கறேன்."

மாமியார் வாயைத் திறந்தாள். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

"என் பொய்ய நான் சொல்லிட்டேன் மாமா. உங்களுத நீங்க சொல்லுங்க."

மழை கொஞ்சம் வலுத்தது. மூத்தார் முகத்தில் வழிந்த தண்ணீரை எண்ணெய்க் கையால் துடைத்தார். நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"கழட்டின அன்னிக்கே தெரிஞ்சுது" என்றார். "ஒரு மாசம் ஆச்சு. வெளிய தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வண்டி விடுவான்? சொந்தத் தம்பிக்கே டூ வீலை ஃபோர் வீல்னு குடுத்தான்னு சிரிக்க மாட்டானா? இவ மேலதான் எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது அப்படியே போயிடும்னு இருந்துட்டேன்."

"இப்ப மறுபடி ஏறச் சொன்னீங்களே" என்றாள். "மழையில. அதே வண்டியில. அதே திருப்பத்துல."

"மெதுவாப் போனா ஏறும்."

"ஏறாட்டா?"

ஏறாவிட்டால் அவள் மறுபடி அழுத்தவில்லை என்று ஆகியிருக்கும், அவ்வளவுதான். அது அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. மாமியாருக்கும் புரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகிற போக்கில், "இருந்தாலும் அன்னிக்கு அழுத்தியிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள். அதையும் விடமாட்டாள்.

அவள் வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கேனை இறக்கி மூடியை இறுக்கினாள். துண்டை மடித்துத் தோளில் போட்டாள். மணி பதினொன்றரை. டேங்க் ரெண்டு மணிவரை தாங்கும், அதுவும் நிச்சயமில்லை. ரெண்டாவது கேன் சுவரோரம் நின்றது, அதற்கு இன்னொரு நடை நடக்கவேண்டும்.

"அண்ணே" என்றான் புருஷன் ஜன்னலிலிருந்து.

மூத்தார் திரும்பினார்.

"அந்தக் கேனைத் தூக்கு."

"டேய், எனக்கு முட்டி வலி, நான் எப்படி அந்த மேட்டுல..."

"எனக்கு வலி முட்டியோட நிக்கலண்ணே. தூக்கு."

தம்பி அண்ணனை அந்தக் குரலில் கூப்பிட்டதே இல்லை. மூத்தார் போய்க் கேனைத் தூக்கினார். எந்தத் தோளில் வைப்பதென்று தெரியாமல் ரெண்டு மூன்று தடவை மாற்றினார். துண்டு கொடுப்பாளா என்று அவளைப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

அவள் முன்னால் நடந்தாள். பின்னால் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. முதல் திருப்பத்தில் ஒரு தடவை நின்றார். ரெண்டாவதில் கேனைக் கீழே வைத்தார். மூன்றாவதில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். அவள் எங்கேயும் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. சறுக்குகிற இடங்களில் விரலை ஊன்றி எப்படி ஏறுவது என்று அவளுக்குத் தெரியும், சொல்லித்தரவில்லை. மனசு ஆறவில்லை, ஆற வேண்டுமென்றும் அவள் நினைக்கவில்லை.

மூன்றாவதைத் தாண்டி, பாதை செங்குத்தாக எழும்புகிற இடத்தில், பின்னாலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. டீசல் கழுத்தில் இறங்கி எரிகிற குரல்.

"இங்கயாம்மா விழுந்தது?"

"இல்ல" என்றாள். "இன்னும் மேல."